செல்லுபடியாகும் காலம்

ஜூன் 10, செவ்வாய்

தினமும் எழுதுங்கள், கோபம் தணியும் என்றார் குடும்ப நல நீதிமன்றத்து ஆலோசகர் லதாங்கி மேடம். எனக்குக் கோபமே கிடையாது என்றேன். அப்படியானால் அதையே எழுதுங்கள் என்றார். எழுதிவிட்டேன்.

மேடம் என்றைக்காவது இதைக் கேட்டு வாங்கிப் படிக்கக்கூடும் என்பதால் முறையாகத் தொடங்குகிறேன். பெயர் பூபதி. கோவை கணபதியில் மாடி வீடு, ஒரே படுக்கையறை. மனைவி சுகந்தி பிப்ரவரியிலிருந்து வடவள்ளியில், அவள் அப்பா வீட்டில். மகள் சஷ்டிகா இரண்டாம் வகுப்பு. அவளும் அங்கேதான். மாதத்தில் இரண்டாம் சனிக்கிழமை, ஆலோசனை மையத்தில் வைத்து, காலையில் கொஞ்ச நேரம் நான் மகளைப் பார்க்கலாம். மற்ற நாளில் பள்ளிக்கோ வீட்டுக்கோ வேன் நிற்கும் இடத்துக்கோ போகக் கூடாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், மீறவில்லை. வடவள்ளி பேக்கரியில் டீ குடிக்கக் கூடாது என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

வேலை சரவணம்பட்டியில், ஒரு சின்னக் கம்பெனியில். ‘வேன் எங்கே’ என்று ஓர் ஆப். பிள்ளையின் பள்ளி வேன் இப்போது எந்த ரோட்டில் வந்துகொண்டிருக்கிறது என்பதைப் பெற்றோர் போனில் பார்க்கலாம். அதில் யாரை உள்ளே விடுவது, யாரை விடக் கூடாது என்கிற பகுதி என் பொறுப்பு.

பள்ளி திறந்த வாரம் என்பதால் போன் ஓயவில்லை. பெற்றோர்களிடம் பேசுகிற ரெஜினா மதியச் சாப்பாட்டைச் சாயங்காலம்தான் திறந்தாள். வீட்டில் குழாய் சொட்டுகிறது, வாஷர் வாங்க வேண்டும். சஷ்டியின் வேன் இன்று லாலி ரோட்டு நெரிசலில் மாட்டிக்கொண்டு தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

ஜூன் 12, வியாழன்

ரெஜினா ஒரு புகாரை என் மேஜைக்கே கொண்டுவந்தாள். ஒண்டிப்புதூரில் கோகிலவாணி என்று ஓர் அம்மா. பம்ப் கம்பெனியில் பேக்கிங் வேலை. கணவன் லோகேஷ் அடித்ததால் பிரிந்து வந்துவிட்டார். பையன் தருண் யூகேஜி. லோகேஷ் பையனை நெருங்கக் கூடாது என்று கோர்ட் உத்தரவே இருக்கிறது. அப்படியும் பயந்து, டிரைவரிடம் சொல்லிவைத்துப் பையனை நாளுக்கு ஓர் இடத்தில் இறக்கச் செய்கிறார். ஒரு நாள் தையல்கடை, ஒரு நாள் அக்கா வீடு, ஒரு நாள் கோயில் வாசல். எங்கே இறக்கினாலும் லோகேஷ் அங்கே வந்து நிற்கிறானாம். ஆப்பில் பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்துவிட்டார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அப்படியும் நிற்கிறான்.

எங்கள் முதலாளி தீனதயாளன் சார் எட்டிப் பார்த்து, அந்தம்மா யாரிடமாவது ஓடிபி சொல்லியிருப்பார் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். எது நடந்தாலும் ஜனங்கள் ஓடிபி சொல்லிவிட்டார்கள் என்பதுதான் அவர் கட்சி.

எனக்குக் காரணம் கேட்டவுடனே தெரிந்துவிட்டது. ரெஜினாவுக்கு விளக்கினேன். ஒரு போன் முதல் தடவை உள்ளே வந்ததும் சர்வர் அதற்கு இரண்டு டோக்கன் கொடுக்கும். சின்னது பஸ் டிக்கெட் மாதிரி. வேன் எங்கே என்று கேட்கும்போதெல்லாம் போன் அதைக் காட்ட வேண்டும். ஒரு மணி நேரத்தில் அது காலாவதியாகிவிடும். பெரியது ஒரு வருஷப் பாஸ். டிக்கெட் தீர்ந்ததும் போன் ஓசைப்படாமல் பாஸைக் காட்டிப் புது டிக்கெட் வாங்கிக்கொள்ளும். கையில் போன் வைத்திருப்பவருக்கு இது எதுவும் தெரியாது. லோகேஷின் போனில் குடும்பமாக இருந்த காலத்துப் பாஸ் இருக்கிறது. பாஸ்வேர்டு மாறினாலும் அது செல்லும்.

“அப்ப பாஸ்வேர்டு மாத்தறதுல என்னதான் சார் பிரயோஜனம்?” என்றாள் ரெஜினா.

நியாயமான கேள்விதான். ஆனால் நம் ஊர் வழக்கம் அப்படி. பிள்ளைக்கு ஒரே கணக்கு, அதில் அம்மாவின் நம்பர். அப்பா, தாத்தா, சித்தி எல்லாரும் அம்மாவுக்குப் போன் போட்டு ஓடிபி கேட்டு அதே கணக்கில் நுழைந்துகொள்கிறார்கள். ஆரம்பத்தில் பாஸ்வேர்டு மாறினால் எல்லாப் போனையும் வெளியே தள்ளிக்கொண்டுதான் இருந்தோம். தாத்தாக்கள் பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சண்டை பிடித்தார்கள். உள்ளே வந்தவரை வெளியே தள்ள வேண்டாம் என்று தீனதயாளன் சார் சொன்னார். அந்த வரியை எடுத்துவிட்டோம்.

திருத்துவது பெரிய வேலை இல்லை. பாஸ்வேர்டு மாறிய நாளுக்கு முன்னால் கொடுத்த பாஸ் எதுவும் செல்லாது என்று சில வரிகள் எழுதினால் போதும். மதியமே எழுதியிருக்கலாம். வேறு வேலைகள் இருந்தன.

ஜூன் 13, வெள்ளி

கோகிலவாணி நேரிலேயே வந்துவிட்டார். அரை நாள் விடுப்பாம். பையனும் கூட வந்தான். ரெஜினாவின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து சுற்றிக்கொண்டே இருந்தான். நான் எதிரே உட்கார்ந்து, பார்க்கிறோம், சீக்கிரம் சரிசெய்கிறோம் என்று கம்பெனிக்காரன் சொல்கிற எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அடிச்சாக்கூட அடி எங்கிருந்து வருதுன்னு தெரியுமுங்க. இது அப்படி இல்லீங்க. நான் எங்க திரும்புனாலும் நிக்கறாரு. எப்படித் தெரியுதுன்னே தெரிய மாட்டேங்குது. பக்கத்து வூட்டுக்காரங்களக்கூட இப்ப சந்தேகமாப் பாக்கறனுங்க.”

போன மாதம் லதாங்கி மேடத்தின் அறையில் சுகந்தியும் ஏறக்குறைய இதையேதான் சொன்னாள். எங்கே போனாலும் இவர் நிற்கிறார் என்று. பெண்கள் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு பேசுவார்கள் போலிருக்கிறது. நான் அந்த லோகேஷ் மாதிரி ஆள் இல்லை. ஒரு நாளும் கை ஓங்கியதில்லை.

சஷ்டியின் வேன் இன்று லாலி ரோட்டில் பஞ்சர் போலிருக்கிறது. ரொம்ப நேரம் ஒரே இடத்தில் நின்றது. எனக்கு வேலையே ஓடவில்லை.

ஜூன் 14, இரண்டாம் சனி

சஷ்டிக்கு முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. சிரித்தால் நாக்கு வெளியே தெரிகிறது. கலர் பென்சில் பெட்டி கொடுத்தேன். பச்சை மட்டும் இரண்டு இருக்கிறதே என்று உடனே கண்டுபிடித்துவிட்டாள். சந்தோஷமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் வாய்தான் சும்மா இருக்கவில்லை.

“நேத்து வேன் அவ்வளவு நேரம் நின்னுச்சே, பயந்துட்டியா சாமி?” என்று கேட்டுவிட்டேன்.

“பஞ்சராகி நின்னது உங்களுக்கு எப்படிப்பா தெரியும்? நான் இன்னும் சொல்லவேயில்லையே.”

ஆபீசில் எல்லா வேனும் தெரியும் என்றேன். அவள் நம்பிவிட்டாள். ஆனால் அது பொய். ஆபீஸ் கணினியில் ஒரு குறிப்பிட்ட வேனைத் திறந்து பார்த்தால் அந்த நிமிஷமே தீனதயாளன் சாருக்கும் பள்ளிக்கும் தகவல் போய்விடும். அப்படி அமைத்தவனே நான்தான்.

திரும்பிப் பார்த்தால் சுகந்தி கதவோரம் தண்ணீர் பாட்டிலோடு நிற்கிறாள். எதைக் கேட்டாள், எதுவரை கேட்டாள் என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் முகத்திலிருந்து நான் எதையும் கண்டுபிடித்ததில்லை.

ஜூன் 15, ஞாயிறு

குழாய்க்கு வாஷர் போட்டேன். இன்னும் சொட்டுகிறது.

சுகந்தி பாஸ்வேர்டை மாற்றியது மார்ச்சில்.

ஜூன் 16, திங்கள்

திருத்தம் போட்டாகிவிட்டது. இனி பாஸ்வேர்டை மாற்றினால் அதற்கு முன்பு கொடுத்த பாஸ் எல்லாம் செல்லாது. ஒரே ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறேன். இன்றைய தேதிக்குப் பிறகு மாற்றுகிறவர்களுக்குத்தான் இது பொருந்தும். பழைய ஆட்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றுதான். தீனதயாளன் சாருக்கு ரொம்பத் திருப்தி. எந்தத் தாத்தாவும் வெளியே விழ மாட்டார், பாத்தீங்களா என்று தட்டிக்கொடுத்தார்.

ரெஜினாவுக்குத்தான் புரியவில்லை. “கோகிலவாணி ஏப்ரல்லயே மாத்திட்டாங்களே சார். அவங்களுக்கு ஏன் தானா வேலை செய்யாது? யாரு இந்தத் தேதிய வெச்சது?”

பாதுகாப்புக்காக வைத்தது என்றேன். அந்தம்மாவை இன்னொரு தடவை மாற்றச் சொல்லிவிடுங்கள், முடிந்தது வேலை என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள். கோகிலவாணி எடுக்கவில்லை. வேலை நேரத்தில் அவர்கள் போனைப் பூட்டி வைத்துவிட வேண்டுமாம்.

இட்லி மாவு புளித்துவிட்டது. தோசையாக ஊற்றினேன்.

ஜூன் 17, செவ்வாய்

கோகிலவாணி கிடைத்துவிட்டார் என்றாள் ரெஜினா. மூன்று தடவை மாற்றி ஒன்றும் ஆகவில்லை, நான்காவது தடவை மட்டும் என்ன ஆகிவிடப்போகிறது என்று சலித்துக்கொண்டாராம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாற்றுகிறேன் என்றிருக்கிறார். அவசரம் என்று சொன்னீர்களா என்று ரெஜினாவிடம் கேட்டேன். அவசரம் என்று நீங்கள் சொல்லவில்லையே சார் என்றாள்.

சாயங்காலம் பேக்கரி. முட்டை பப்ஸ் தீர்ந்துவிட்டது. வேன் என்னைக் கடந்து போனது. சஷ்டி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கவில்லை.

ஜூன் 18, புதன்

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

பள்ளி விட்டுக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். ரெஜினா எழுந்து நின்றே போன் பேசிக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து நின்றால் விஷயம் பெரிது. லோகேஷ் ஒரு வாடகைக் காரோடு வந்திருக்கிறான். கோகிலவாணியின் வீட்டுக்கார அம்மாவிடம், இன்றைக்குப் பையனைத் தூக்கிக்கொண்டு பெங்களூர் போகிறேன், இனிமேல் அவளால் என்ன செய்ய முடியும் என்று சொல்லிவிட்டே போயிருக்கிறான். அந்த அம்மா பம்ப் கம்பெனிக்குப் போன் போட, கோகிலவாணி ஆட்டோவில் ஓடிக்கொண்டிருக்கிறார். போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது. பள்ளியில் போனை எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது என்று பள்ளி கண்டித்திருப்பதால் டிரைவரும் எடுக்கவில்லை. திருச்சி ரோட்டில் எங்கோ வேன் போகிறது. அதில் தருண் இருக்கிறான். லோகேஷ் தன் போனில் அந்த வேனைப் பார்த்துக்கொண்டே அதைத் தேடிப் போகிறான்.

வேனை ஆப்பிலிருந்தே மறைத்துவிடலாமா என்று யோசித்தேன். மறைத்தால் கோகிலவாணிக்கும் தெரியாமல் போய்விடும். அவர் முதலில் போய்ச் சேர வேண்டும். அதற்கு அவருக்குத் தெரிய வேண்டும், அவனுக்குத் தெரியக் கூடாது. இரண்டு பேரும் ஒரே கணக்கில் இருக்கிறார்கள்.

ரெஜினா போனிலேயே சொல்லிச் சொல்லி அவரைப் பாஸ்வேர்டை மாற்ற வைத்தாள். மாறியது. என் திருத்தம் வேலை செய்தது. லோகேஷின் பாஸ் செத்தது. ஆனால் அவன் போன் தொடர்ந்து வேனைக் கேட்டுக்கொண்டே இருந்தது, எங்கள் சர்வர் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. பாஸ் போனாலும் டிக்கெட் இருக்கிறதே. இப்போதுதான் புதிதாக வாங்கியிருக்கிறான். கண்டக்டர் டிக்கெட்டில் முத்திரை சரியா என்று மட்டும்தான் பார்ப்பார், டிப்போவுக்குப் போன் போட்டு விசாரிக்க மாட்டார். எங்கள் சர்வரும் அப்படித்தான். முன்பு கால் மணி நேர டிக்கெட்டாகத்தான் இருந்தது. சர்வர் திணறுகிறது என்று போன வருஷம் ஒரு மணி நேரமாக நீட்டினோம். அந்த ஒரு மணி நேரத்துக்குள் அவன் பெங்களூர் ரோட்டைப் பிடித்துவிடுவான்.

திங்கட்கிழமை அந்தத் தேதி நிபந்தனை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இவன் திங்கட்கிழமையே வெளியே போயிருப்பான்.

மிச்சமிருந்தது ஒரே வழி. முத்திரையை மாற்றுவது. எல்லா டிக்கெட்டுக்கும் எல்லாப் பாஸுக்கும் நாங்கள் ஒரே முத்திரைதான் குத்துகிறோம். அதை மாற்றினால் அத்தனை பள்ளிகளின் அத்தனை பெற்றோரும் ஒரே நேரத்தில் வெளியே விழுவார்கள். திரும்ப வர வேண்டுமானால் அம்மாவின் நம்பருக்கு வருகிற ஓடிபி வேண்டும். கோகிலவாணிக்கு வரும், லோகேஷுக்கு வராது.

தீனதயாளன் சார் திருப்பூரில் ஒரு பள்ளியில் இருந்தார். போனில் சொன்னேன்.

“பூபதி, பள்ளிக்கூடம் உடற நேரமுங்க இது. எல்லாரையும் வெளிய தள்ளுனா நாளைக்கு ஒரு பள்ளிக்கூடம் நம்மகிட்ட இருக்குமா? அதான் போலீஸ் வருதுல்ல, அவங்க பாத்துக்குவாங்க. ராத்திரி மாத்திக்கலாம்.”

போனை வைத்துவிட்டேன்.

என் சொந்தப் போன் தண்ணீர் பாட்டிலில் சாய்ந்து நின்றது. அதில் சஷ்டியின் வேன், லாலி ரோட்டைத் தாண்டி வடவள்ளிப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. மஞ்சள் புள்ளி. இந்த நாலு மாதமாக என் நாளில் உருப்படியான நேரம் அது ஒன்றுதான். காலையில் அவள் பள்ளிக்குப் போகிற நேரம், சாயங்காலம் திரும்புகிற நேரம். சிக்னலில் நின்றால் நானும் நிற்பேன். மேடம், இதை நீங்கள் படிப்பதாக இருந்தால், அது திருட்டுத்தனமாக எனக்குத் தோன்றவில்லை. வாழ்கிற மாதிரித்தான் தோன்றியது.

ரெஜினா என்னைப் பார்த்து, “சார், வேன் சிங்காநல்லூர் வந்துருச்சு, அடுத்து ஒண்டிப்புதூர்தான்” என்றாள்.

முத்திரையை மாற்றினேன்.

சில நொடிகள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஆபீசில் இருந்த எல்லாப் போன்களும் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கத் தொடங்கின. ரெஜினா எதையும் எடுக்கவில்லை. கோகிலவாணியின் அழைப்பை மட்டும் காதோடு பிடித்திருந்தாள். அவருக்கு ஓடிபி வரவில்லை. ஊரே ஓடிபி கேட்டு வரிசையில் நிற்கிறது, அவருடையது அந்த வரிசையில் எங்கோ மாட்டிக்கொண்டது. வந்துருச்சா, வந்துருச்சாங்களா என்று ரெஜினா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவனையும் குருடாக்கி, பெற்றவளையும் குருடாக்கிவிட்டேன்.

வந்தது. நம்பரைத் தப்பாக அடித்தார். மறுபடி அடித்தார். உள்ளே போய்விட்டார். வேன் குளத்து சிக்னலைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் குறுக்குத் தெருவில் விட்டு ஒண்டிப்புதூருக்கு முன்னாலேயே வேனுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்திவிட்டார். பையன் தூங்கிக்கொண்டிருந்தானாம். தூக்கத்திலேயே இறக்கிக்கொண்டார்கள். ரெஜினா போனை வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

அதற்கப்புறம்தான் என் போனைப் பார்த்தேன். மஞ்சள் புள்ளி இல்லை. மீண்டும் உள்நுழையவும் என்றிருந்தது. சுகந்தி நம்பரின் கடைசி இரண்டு எண்கள், கீழே ‘ஓடிபி அனுப்பு’ என்ற நீலப் பட்டன். கை தவறிப் பட்டுவிட்டது.

ஜூன் 19, வியாழன்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். கை தவறவில்லை.

காலை முழுவதும் தாத்தாக்கள். வேனைக் காணோம் என்று ஒருவர் போலீசுக்கே போய்விட்டார். இரண்டு பள்ளிகள் விளக்கம் கேட்டிருக்கின்றன. தீனதயாளன் சார் என் பக்கமே திரும்பவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

லோகேஷைப் பற்றி ரெஜினா சொன்னாள். வேன் திடீரென்று மறைந்ததும் முந்தின நாள் இறக்கிய தையல்கடை வாசலுக்குப் போய் நின்றிருக்கிறான். போலீஸ் போனபோது போனைத் தட்டிக்கொண்டே நின்றானாம். எம்பையனப் பாக்கத்தானுங்க வந்தேன், அதுல என்ன தப்பு என்று கேட்டானாம்.

மதியம் சுகந்தி கூப்பிட்டாள். பிரிந்த பிறகு அவளாக என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. மொட்டை மாடிக்குப் போய் எடுத்தேன்.

“நேத்து எனக்கு ரெண்டு ஓடிபி வந்துச்சு. ஒண்ணு நான் கேட்டது. இன்னொண்ண யாரு கேட்டது?”

“நான்தான்.”

எங்கோ மிக்சி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நின்றதும் சொன்னாள்.

“சஷ்டிகிட்ட பஞ்சரப் பத்திக் கேட்டப்பவே நெனச்சேன். அப்படியெல்லாம் இருக்காதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இத்தன நாளும் எனக்குத்தான் புத்தி பிசகிப்போச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேங்க. எங்கப்பாவச் சந்தேகப்பட்டேன். வேன் டிரைவர்தான் உங்களுக்குச் சொல்றாருன்னு பள்ளிக்கூடத்துல எழுதிக் குடுத்தேன். அவர வேற ரூட்டுக்கு மாத்திட்டாங்க. அந்த மனுசன் எங்கிட்ட வந்து, நான் என்னம்மா பண்ணுனேன்னு கேட்டாரு.”

மகளைப் பார்க்கத்தானே என்று நாக்கு நுனிவரை வந்தது. அதே வார்த்தையை நேற்று தையல்கடை வாசலில் ஒருவன் சொல்லியிருக்கிறான். விழுங்கிவிட்டேன்.

“இப்பவும் உங்களுக்குத் தெரியுதா?”

“இல்ல. நேத்தோட போச்சு. நானேதான் மாத்துனேன்.”

“நெசமாத்தானே?”

“நெசமாத்தான் சுகந்தி.”

நம்பினாளா என்று தெரியவில்லை. லதாங்கி மேடத்திடம் இதைச் சொல்லியாக வேண்டும் என்றாள். சொல்லு என்றேன். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை எனக்கு உண்டா இல்லையா என்பதை இனி மேடம்தான் முடிவு செய்வார். உண்டு என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

காலையில் முதல் வேலையாக அந்தத் தேதி நிபந்தனையை எடுத்துவிட்டேன். டிக்கெட்டை மறுபடி கால் மணி நேரமாகக் குறைத்தாயிற்று. பாஸுக்கும் டிக்கெட்டுக்கும் இனி தனித்தனி முத்திரை. ஒரு கணக்கில் எத்தனை போன் இருக்கிறது என்று அம்மாவுக்குக் காட்டி, வேண்டாததை அவரே வெளியே தள்ளுகிற வசதியையும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

பிறகு தீனதயாளன் சாரின் அறைக்குப் போனேன். ரெஜினாவையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். அந்தத் தேதியை ஏன் வைத்தேன் என்று சொன்னேன். பழைய ஆட்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காக இல்லை, பழைய ஆட்களில் நானும் ஒருவன் என்பதற்காக. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமை பேசலாம் என்றார். ரெஜினா எழுந்து போனாள். கோகிலவாணியிடம் அதை நீங்களேதான் சொல்ல வேண்டும் சார் என்று வாசலில் நின்று சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஒண்டிப்புதூர் போகிறேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பள்ளி விடுகிற நேரத்துக்கு நல்ல மழை பிடித்துக்கொண்டது. மழை வந்தால் லாலி ரோட்டில் தண்ணீர் நிற்கும். புது டிரைவருக்கு அந்த ரூட் பழக்கம் இருக்குமா என்று நினைத்தேன். பழைய டிரைவர் மழையென்றால் முன்னாலேயே சுற்றிப் போய்விடுவார். கை இரண்டு தடவை போனை எடுத்தது. மீண்டும் உள்நுழையவும் என்றுதான் இருந்தது. ஆப்பையே நீக்கிவிட்டு, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஆபீஸ் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். ரோட்டில் மஞ்சள் வேன்கள் வரிசையாக விளக்குப் போட்டுக்கொண்டு போயின. யார் யாருடைய பிள்ளைகளோ.

இருட்டுகிற நேரத்தில் மழை விட்டது. சஷ்டி வீட்டுக்குப் போயிருப்பாள்.